பார்ட்டை அளக்கறதுக்கு முன்னாடி அதோட சூட்டைப் பாருங்க

அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏரோஸ்பேஸ் பார்ட் பண்ற கம்பெனில புதுசா மேனுஃபேக்சரிங் இன்ஜினியரா சேர்றவங்களுக்கு இது ரொம்ப உதவும். ட்ராயிங்ல இருக்கற சைஸ் எல்லாமே 20 டிகிரி செல்சியஸ்ல இருக்க வேண்டிய சைஸ், ஆனா நம்ம ஊர் மே மாசத்துல ஏசி இல்லாத ஷாப் ஃப்ளோர் சர்வ சாதாரணமா 35 டிகிரி தொட்டுடும்.

அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 23 மைக்ரான் (மைக்ரான்னா ஒரு மி.மீ.ல ஆயிரத்துல ஒரு பங்கு) விரியும். அப்போ 300 மி.மீ. நீள பார்ட் 35 டிகிரில கிட்டத்தட்ட 100 மைக்ரான் நீண்டிருக்கும். டாலரன்ஸே, அதாவது சைஸ்ல அனுமதிக்கற வித்தியாசமே, ப்ளஸ் ஆர் மைனஸ் 50 மைக்ரான்னா யோசிச்சுப் பாருங்க, ஃப்ளோர்ல ஓகே ஆன பார்ட், 20 டிகிரில வச்சிருக்கற சிஎம்எம் (பார்ட்டைத் துல்லியமா அளக்கற கோஆர்டினேட் மெஷரிங் மெஷின்) ரூம்ல ஆறினதும் அண்டர்சைஸ்னு வரும், உடனே ஆபரேட்டர் மேல பழி போடுவாங்க, பாவம் அவர் ஒழுங்காதான் ஓட்டியிருப்பார். ஸ்டீல் வெர்னியரும் அதே சூட்டுல இருந்தா அதுவும் பாதி அளவு விரியறதால வித்தியாசம் குறையும், ஆனா முழுசா போகாது. டைட்டானியத்துல இந்தத் தொல்லை கம்மி, 9 மைக்ரான் கிட்டதான் விரியும்.

அதனால கூலன்ட்டை நல்லா கழுவித் தொடச்சுட்டு, பார்ட்டை சிஎம்எம் ரூம்லயே வைங்க, தடியான பார்ட்னா ராத்திரி முழுக்க கிடக்கட்டும். அளக்கறதுக்கு முன்னாடி கான்டாக்ட் தெர்மாமீட்டர் வச்சு பார்ட் டெம்பரேச்சரைப் பாருங்க, ரூம் டிஸ்ப்ளேல 20ன்னு காட்டறத நம்பாதீங்க. அந்த டெம்பரேச்சரை ரிப்போர்ட்லயும் எழுதிடுங்க, கஸ்டமர் ஆடிட்ல கேள்வி வந்தா கைல பதில் இருக்கும்.