குடும்பத்தோடு துபாய் போகிறீர்களா? முதல் வாரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்து ஆண்களுக்குத் தனியாக கல்ஃப் போய் வருவது பழகிப்போன விஷயம். பெண்டாட்டி பிள்ளைகளோடு போவது வேறு கணக்கு. அங்கே இறங்கிய பிறகு படும் பாட்டில் பாதி, நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இருக்கும்போதே செய்யாமல் விட்டவற்றால் வருவது. ஐக்கிய அரபு அமீரகத்தில் உள்ள துபாய், ஷார்ஜா போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் திருமணச் சான்றிதழ். ஆலயத்தில் எழுதிக் கொடுத்த சான்றிதழ் போதும் என்று நினைத்துக் கிளம்பிவிடுகிறார்கள். மனைவிக்கு விசா எடுக்க அரசுப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற சட்டம் தமிழ்நாட்டில் 2009-இல்தான் வந்தது. அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களில் பலரிடம் இது இருக்காது. பதிந்து வாங்கினாலும் வேலை முடியவில்லை. மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்கி, கடைசியில் அமீரக வெளியுறவு அமைச்சகத்திலும் அட்டெஸ்ட் செய்ய வேண்டும். மஸ்கட்டில் இருக்கும் மச்சான் ‘அப்போஸ்டில் போதும்டே’ என்பார். தூதரக முத்திரை இல்லாமல், நம் வெளியுறவு அமைச்சகச் சான்றோடு முடிந்துவிடும் முறை அது. ஓமனுக்கு அது சரி. அதை நம்பி துபாய்க்குக் கிளம்பாதீர்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழுக்கும் இதே பாதைதான். அதில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயர் வைப்பதற்கு முன்பே வாங்கிய சான்றிதழை அப்படியே பீரோவில் வைத்திருக்கும் வீடுகள் நிறைய.

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அதுவும் தலைவலிதான். இனிஷியலோடு வாழ்கிற நமக்குக் குடும்பப் பெயர் கட்டம் காலியாகக் கிடப்பது சகஜம். 2022 நவம்பரிலிருந்து அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களுக்கு அமீரகம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. குடும்பத்தை முதலில் விசிட்டில் கூட்டிப் போய் அப்புறம் குடும்ப விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று திட்டம் போடுகிறவர்கள், டிக்கெட் எடுக்கும் முன்பே இதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

பெட்டி கட்டும்போது மாமியார் வறுத்து அரைத்துத் தரும் கறி மசாலாவைக் கொஞ்சம் விசாரியுங்கள். அதில் கசகசா இருந்தால் வேண்டாம். நம் ஊரில் மளிகைச் சாமான், அமீரகத்தில் தடை செய்யப்பட்ட போதைப் பொருள். விளையாட்டு இல்லை, ஜெயில் வரை போகும். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் என்ற வலி மாத்திரை, சில தூக்க மாத்திரைகள் இவற்றுக்கும் டாக்டர் சீட்டு மட்டும் போதாது. அமீரக அரசின் அனுமதியை ஆன்லைனில் முன்கூட்டியே வாங்க வேண்டும். கருவாட்டைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வீடு பார்ப்பதில் நடக்கும் தவறுதான் பெரியது என்பேன். குடும்ப விசாவுக்கு வாடகை ஒப்பந்தம் தேவை என்பதால், கணவர் தனியாகப் போய் அவசரமாகப் பிடித்துவிடுகிறார். ஷார்ஜாவில் வாடகை குறைவு, சரி. ஆனால் துபாயில் வேலை என்றால் காலையும் மாலையும் நெரிசலில் போய்விடும். மனைவி இரவு வரை நான்கு சுவருக்குள். மளிகைக் கடைக்கு நடந்து போக முடியுமா, ஸ்கூல் பஸ் எங்கே நிற்கும், பேச்சுத் துணைக்குப் பக்கத்தில் ஆள் உண்டா என்பதையெல்லாம் பகல் முழுக்க அங்கே இருக்கப் போகிறவரின் கண்ணால் பார்க்க வேண்டும். வாடகையை மாதாமாதம் கொடுக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். வருட வாடகையை ஒன்றிரண்டு அல்லது நான்கு காசோலைகளாக முன்பே கொடுக்கும் வழக்கம்தான் அதிகம். துபாய் ஃபிளாட்டில் மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கு மட்டும் 2,000 திர்ஹம் டெபாசிட். செலவைக் குறைக்கப் பலகை அடித்துப் பிரித்த அறையில் குடும்பத்தை வைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. அது சட்டவிரோதம், சோதனை வந்தால் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

ஜூன், ஜூலையில் கூட்டிப் போகாதீர்கள். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் அங்கே ஏப்ரலில் தொடங்கும். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை. வெயிலில் பிள்ளைகள் வெளியே தலைகாட்ட முடியாது. மொட்டைமாடித் தொட்டியில் கிடந்த தண்ணீர் பச்சைத் தண்ணீர்க் குழாயில் கொதிக்கக் கொதிக்க வரும். பழகினவர்கள் ஹீட்டரை அணைத்துவிட்டுச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து குளிப்பார்கள். ஏசி ஓடும் வீட்டுக்குள் ஹீட்டரில் தேங்கி நிற்பதுதான் அப்போது பச்சைத் தண்ணீர்! வெள்ளாவியில் வெந்த பிறகு யாராவது சொல்லித்தான் இது தெரிய வரும்.

அங்கே வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், கால் போகாது. போய்ச் சேர்ந்த அன்று பேச முடியாமல் குளச்சலில் அம்மா தவித்துப்போவார். அங்கே கால் பேச அனுமதி உள்ள போட்டிம் (Botim) போன்ற செயலியை அவர் போனில் ஏற்றி, ஒரு முறை பேசிப் பழக்கிவிட்டு திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுவார்கள். கோயில் கொடைக்கும் ஆலயத் திருவிழாவுக்கும் அதில் வசூல் நடக்கும். உரிமம் இல்லாமல் நன்கொடை திரட்டுவது அமீரகத்தில் குற்றம். புதுசாகப் போனவரைப் பிடித்து ‘கணக்கை நீங்க பாருங்க அண்ணே’ என்பார்கள். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

கடைசியாக வங்கி. வேலைக்காக வெளிநாட்டில் குடியேறிய பிறகு ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டக் கூடாது; வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்கே வரும் வருமானத்துக்கு வைத்துக்கொள்ளும் என்.ஆர்.ஓ. (NRO) கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்கு என்.ஆர்.இ. (NRE) கணக்கு தனி, அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. கிளம்பும் முன்பே உங்கள் கிளையில் போய் என்னென்ன படிவம், எந்த நகல் என்று கேட்டு வைத்துக்கொண்டால், இதற்காக விடுமுறை போட்டு வர வேண்டியிருக்காது.