ஆறு பொத்தான்களோடு செல் சுவாசம்

செல் சுவாசம் என்பது செல் குளுக்கோஸ் சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கும் முறை. அந்தப் பாடத்தில் பெயர்களைப் பார்த்தே பலர் மிரண்டுவிடுகிறார்கள். கார்பனை மட்டும் எண்ணிக்கொண்டே போங்கள், பெயர்கள் பின்னாலேயே வந்துவிடும். ஒரு தாள், பென்சில், ஆறு பொத்தான்கள் போதும். பொத்தான் ஒவ்வொன்றும் ஒரு கார்பன் அணு. ஆறும் சேர்ந்தால் ஒரு குளுக்கோஸ்.

படி 1: பெரிய வட்டம் போடுங்கள், அது செல். உள்ளே ஒரு நீள்வட்டம், அது மைட்டோகாண்ட்ரியா. அதற்கு வெளியே, சைட்டோபிளாசத்தில், பொத்தான்களை வரிசையாக வையுங்கள்.

படி 2: வரிசையை மூன்று மூன்றாகப் பிரியுங்கள். இதுதான் கிளைக்காலிசிஸ், கிடைத்தவை இரண்டு பைருவேட். உண்மையில் பத்து வினைகள் நடக்கின்றன, அவை இப்போதைக்கு வேண்டாம். ஓரத்தில் கணக்கு எழுதுங்கள்: செலவு 2 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்), வரவு 4, மிச்சம் 2. கூடவே 2 என்ஏடிஹெச் (எலக்ட்ரான்களைச் சுமக்கும் மூலக்கூறு).

படி 3: இரண்டையும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நகர்த்துங்கள். போகும்போதே ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தானை எடுத்துத் தாளுக்கு வெளியே வையுங்கள். அது கார்பன் டை ஆக்சைடு. இன்னும் 2 என்ஏடிஹெச் சேர்ந்தது.

படி 4: கிரெப்ஸ் சுழற்சி. ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-இல் விளக்கியது. இரண்டு கார்பன் துண்டு, அங்கே இருக்கும் நான்கு கார்பன் அமிலத்தோடு சேர்ந்து சிட்ரிக் அமிலமாகிறது. ஒரு சுற்றில் இரண்டு கார்பன் வெளியேற, பழைய நான்கு திரும்பக் கிடைக்கிறது. (வெளியேறுவது அப்போதுதான் நுழைந்த அதே கார்பன்கள் இல்லை, எண்ணிக்கைதான் சமம்.) இரண்டு சுற்றுக்கு 6 என்ஏடிஹெச், 2 எஃப்ஏடிஹெச்2 (இதுவும் எலக்ட்ரான்களைச் சுமப்பதுதான்), 2 ஏடிபி.

சரி, பொத்தான்கள் தீர்ந்துவிட்டன. கையில் இருப்பதோ வெறும் 4 ஏடிபி! மீதி ஆற்றல் அந்த 10 என்ஏடிஹெச்சிலும் 2 எஃப்ஏடிஹெச்2-விலும் எலக்ட்ரான்களாக இருக்கிறது.

படி 5: நீள்வட்டத்துக்குள் மடிப்பு மடிப்பாக உள்சவ்வை வரையுங்கள். எலக்ட்ரான்கள் அதிலுள்ள புரதங்கள் வழியாகக் கைமாறிப் போகப் போக, புரோட்டான்கள் சவ்வுக்கு அந்தப் பக்கம் தள்ளப்படுகின்றன. அவை திரும்பி வர இருக்கும் முக்கிய வழி ஏடிபி சின்தேஸ் என்ற நொதி. புரோட்டான்கள் நுழைய நுழைய அதன் ஒரு பகுதி நிஜமாகவே சுழல்கிறது. அந்தச் சுழற்சியில்தான் ஏடிபி உருவாகிறது. மொத்தம் சுமார் 30 முதல் 32. பழைய புத்தகங்களில் 36, 38 என்று இருக்கும்.

கடைசியில் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்வது ஆக்சிஜன். அது தண்ணீராகிவிடுகிறது. ஆக, நாம் உள்ளே இழுக்கும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடாக மாறித் திரும்புவதில்லை. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது.

இப்போது ஆக்சிஜனை விரலால் மறைத்துவிட்டு, படி 5-இலிருந்து பின்னோக்கி வாருங்கள். எலக்ட்ரான்கள் கைமாறும் சங்கிலி நிற்கும், என்ஏடிஹெச் தன் எலக்ட்ரான் சுமையை இறக்க முடியாது, கிளைக்காலிசிஸும் முடங்கப் பார்க்கும். அப்போது தசை செல் அந்தச் சுமையைப் பைருவேட்டின் மேலேயே இறக்கி, அதை லாக்டேட்டாக மாற்றிக்கொள்கிறது.