பார்மேல் அடித்தூண்டில்: பிரெய்டு நரம்பை ரீலில் ஏற்றுவது முதல் மீனைத் தூக்குவது வரை

தூத்துக்குடிக் கடலில் பைபர் படகில் போய், பாரின்மேல் (கடலடிப் பாறைத்திட்டு) ராடும் ரீலும் கொண்டு விளமீன், களவா, செப்பிலி பிடிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கைத்தூண்டில் போடுபவர்களுக்கு இது ஆகாது. தடித்த நைலான் நரம்பைக் கையால் இழுக்கலாம். பிரெய்டை, அதாவது மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த நரம்பை, வெறுங்கையால் இழுத்தால் விரலை அறுத்துவிடும். ரீல் மாட்டுவது, முள்ளில் கணவாய்த் துண்டு கோப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

பிரெய்டு எதற்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 30 பவுண்டு நைலான் நரம்பு ஏறக்குறைய 0.55 மி.மீ. தடிமன். அதே பலமுள்ள பிரெய்டு 0.28 மி.மீ. தான். தடிமன் பாதியானால் நீவாடு (கடல் நீரோட்டம்) தள்ளுகிற பரப்பும் பாதியாகிறது. அதனால் நரம்பு வளையாமல் நேராக இறங்கும். குறைந்த ஈயத்திலேயே தரை பிடிக்கும். அடுத்தது, பிரெய்டு அநேகமாக நீளாது. 15 பாகம் (சுமார் 27 மீட்டர்) ஆழத்தில் விளமீன் இரையை முகர்ந்து பார்ப்பதை நைலான் நீண்டு விழுங்கிவிடும். பிரெய்டில் அது ராடின் அடிக்கட்டை வரை வந்து தட்டும். கிளாத்தி இரையைக் கொறிப்பதற்கும் விளமீன் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் கொஞ்ச நாளில் கைக்குப் பழகிவிடும்.

வாங்கும்போது

விளமீனுக்கு 30 அல்லது 40 பவுண்டு, களவாவைத் தேடிப் போனால் 50. நாலு இழை, எட்டு இழை என்று இரண்டு வகை விற்கும். எட்டு இழை வழவழப்பானது, வீச நல்லது. நாம் வீசப் போவதில்லை, நேரே கீழே இறக்கப் போகிறோம். பாறையில் உரசினால் தடித்த இழைகள் உள்ளதுதான் கொஞ்சமாவது தாங்கும், அதனால் நாலு இழையையே வாங்குங்கள். 10 மீட்டருக்கு ஒருமுறை நிறம் மாறுகிற நரம்பு கிடைத்தால் விலை கூடினாலும் எடுங்கள். மூன்று நிறம் இறங்கித் தரை தட்டினால் 30 மீட்டர். மீன் கடிப்பது தரையிலிருந்து இரண்டு மீட்டர் மேலே என்றால், அடுத்த முறையும் அதே இடத்தில் இரையை நிறுத்தலாம்.

ரீலில் ஏற்றுதல்

பிரெய்டை வெறும் ஸ்பூலில் நேரடியாகக் கட்டக் கூடாது. பாலிஎதிலீன் இழை என்பதால் உலோகத்தில் பிடிப்பே இருக்காது. டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக்) எவ்வளவு இறுக்கினாலும் நரம்பு முழுவதும் ஒரே கட்டாக ஸ்பூல்மேல் சுழலும். டிராக் கெட்டுவிட்டது என்று நினைத்து ரீலைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்களும் உண்டு. முதலில் பத்துப் பதினைந்து மீட்டர் நைலான் சுற்றி, அதன் முனையில் பிரெய்டை இணையுங்கள்.

சுற்றும்போது ஈரத் துணியால் நரம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். தளர்வாகச் சுற்றினால் மீன் இழுக்கும் நேரத்தில் மேல்சுற்று கீழ்ச்சுற்றுகளுக்குள் புதைந்து அப்படியே நின்றுவிடும். ஸ்பூல் விளிம்புக்கு இரண்டு மூன்று மி.மீ. கீழே நிறுத்துங்கள்.

லீடர் முடிச்சு

புதிதாகப் பழகுபவர்கள் மீனை இழப்பது பெரும்பாலும் இங்கேதான், அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன். பிரெய்டு பாறையில் தேய்ந்தால் நொடியில் போய்விடும். ஆகவே முனையில் மூன்று மீட்டர் அளவுக்கு 50 அல்லது 60 பவுண்டு நைலான் லீடர் கட்டாயம். ஃப்ளோரோகார்பன் தேவையில்லை என்பது என் கருத்து. அந்த ஆழத்தில் களவா நரம்பைப் பார்த்து யோசிப்பதில்லை. நைலான் விலையும் குறைவு, பிரெய்டு அதில் நன்றாகக் கவ்வவும் செய்யும்.

நான் பரிந்துரைப்பது எஃப்ஜி முடிச்சு. பிரெய்டை ராட் நுனிக்கும் இடுப்புக்கும் நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். லீடர் நுனியை அதன்மேல் குறுக்காக வைத்து, ஒருமுறை மேலிருந்து, ஒருமுறை கீழிருந்து என்று மாற்றி மாற்றி இருபது சுற்று சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தையதை ஒட்டி உட்கார வேண்டும். பிறகு பிரெய்டின் சிறு முனையால், லீடரையும் விறைத்து நிற்கும் பிரெய்டையும் சேர்த்து இரண்டு அரைமுடிச்சு போடுங்கள்.

அடுத்து இறுக்குதல். எச்சிலோ தண்ணீரோ தொட்டு, கையுறை போட்டு, பிரெய்டையும் லீடரையும் எதிரெதிராக முழுப் பலத்தோடு இழுங்கள். சுற்றுகள் நைலானுக்குள் கவ்வும்போது பிரெய்டின் நிறம் அடர்த்தியாக மாறும். நிறம் மாறவில்லை என்றால் முடிச்சு இன்னும் பிடிக்கவில்லை, பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வழுக்கும். நிறம் மாறிய பிறகு மேலும் நாலைந்து அரைமுடிச்சு போட்டு, லீடர் நுனியை ஒட்ட வெட்டி, தனிப் பிரெய்டின் மேல் இரண்டு போட்டு முடியுங்கள்.

இதை வீட்டில் கட்டிக்கொண்டு போங்கள். ஆடுகிற படகில் மறுபடி கட்ட நேர்ந்தால் டபுள் யூனி போதும்: பிரெய்டை இரட்டையாக மடித்து எட்டுச் சுற்று, லீடரில் நாலு சுற்று.

கடலில்

ஈயத்தை 100 கிராமில் தொடங்குங்கள், தரையில் நிற்கவில்லை என்றால் கூட்டுங்கள். ஈயத்தை மட்டும் 15 பவுண்டு நைலான் துண்டில் தொங்க விடுங்கள். பாரில் மாட்டினால் அந்தத் துண்டு அறுந்து ஈயத்தோடு போகும், நரம்பு தப்பும். அறுந்து கிடக்கிற பிரெய்டு மக்காது, பவளத்தைச் சுற்றும், ஆமையைச் சிக்க வைக்கும். அது என்னை மிகவும் உறுத்துகிற விஷயம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா என்பதால் அந்தப் பக்கம் தூண்டிலோடு போகாதீர்கள்.

40 பவுண்டு நரம்புக்கு டிராக்கைத் தராசு மாட்டி நாலு, நாலரைக் கிலோவில் வையுங்கள். மீன் எடுத்ததும் ராடை வெட்டி இழுக்க வேண்டாம். நரம்பு நீளாததால் அந்த வெட்டு முழுவதும் மீனின் வாயில் இறங்கும், வாய் கிழிந்து தப்பிவிடும். சீராகச் சுற்றத் தொடங்குங்கள், முள் தானே ஏறும். களவா என்றால் முதல் இரண்டு பாகத்தை நிற்காமல் தூக்குங்கள், பொந்துக்குள் நுழைந்துவிட்டால் பிரெய்டுக்கு அதுதான் முடிவு.

ஈயத்தோடு முள்ளும் சேர்ந்து மாட்டிக்கொண்டால் நரம்பை ஒருபோதும் கையில் சுற்றி இழுக்காதீர்கள். ஒரு மரக்கட்டையில் மூன்று சுற்று சுற்றி, கட்டையைப் பிடித்து இழுங்கள்.

பின்னர் சேர்த்தது

ஒரே படகில் ஒருவர் பிரெய்டும் இன்னொருவர் நைலானும் போட்டபோது, சிக்கிக்கொண்டதும் நைலான் அறுந்துவிட்டது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், விறைத்த பிரெய்டு நைலானை ரம்பம் போல அறுக்கும். எல்லோரும் ஒரே வகை போடுங்கள். முடியாவிட்டால் ஆளுக்கொரு பக்கம் நில்லுங்கள். பிரெய்டு மிதக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். தளர்ந்த நரம்பு இன்ஜின் விசிறியில் சுற்றும், எனவே இன்ஜினைப் போடும் முன் எல்லோரும் நரம்பைச் சுற்றி முடித்துவிட வேண்டும்.

நிறம் வெளுத்தால் மாற்ற வேண்டுமா என்றும் கேட்டிருந்தார்கள். வேண்டாம், சாயம்தான் போகிறது. விரலில் ஓட்டிப் பாருங்கள். இழை பிசிறிய இடம் வரை வெட்டி எறிந்து, புதிதாக லீடர் கட்டுங்கள். முன்பகுதி முழுக்கத் தேய்ந்துவிட்டால் நரம்பைக் கழற்றித் தலைகீழாக ஏற்றுங்கள், அடியில் கிடந்த பாதி புதிதாகவே இருக்கும்.