குச்சி துளிர்க்கிறது, வேர் மட்டும் விடுவதில்லை: ஊன்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடம் மல்லிகை நாற்றுக்குப் பேர்போன ஊர். மதுரையைச் சுற்றியுள்ள மல்லித் தோட்டங்கள் பலவற்றுக்கு அங்கிருந்துதான் நாற்று போகிறது. அந்த மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தால் வெறும் மணல். சத்து என்று பெரிதாக எதுவும் இருக்காது. அதே மல்லிக் குச்சியை நாம் வீட்டில் செம்மண், மாட்டுச்சாணம், மண்புழு உரம் எல்லாம் போட்ட தொட்டியில் ஊன்றுகிறோம். சில நாட்களில் அடி கறுத்து அழுகிவிடுகிறது. பெரும்பாலான தோல்விகளுக்கு இந்த அக்கறைதான் காரணம்.

வேரே இல்லாத குச்சியால் உரத்தை எடுத்துக்கொள்ள முடியாது. தண்டிலும் இலையிலும் இருக்கிற மாவுச்சத்தை வைத்துத்தான் அது வேர் விட வேண்டும். அந்த வேலை நடக்கும்போது அடித்தண்டின் செல்கள் வேகமாகச் சுவாசிக்கும். அதனால் ஈரம் வேண்டும், கூடவே காற்றும் வேண்டும். எந்தப் பொருளில் ஊன்றினாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: தண்ணீர் ஊற்றிய பிறகும் இதற்குள் காற்று மிச்சம் இருக்கிறதா? உரத்தை வேர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். முன்கூட்டியே போட்டால் அது பூஞ்சைக்குத்தான் தீனி.

மணலில் நடக்கும் தவறு, மணல் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பது. வேண்டியது கழுவிய, பருமனான ஆற்று மணல். பூச்சு வேலைக்கான எம்-சாண்டில் மாவுபோன்ற தூள் கலந்திருக்கும், நனைந்ததும் இறுகிவிடும். கடற்கரை மணலை அப்படியே அள்ளி வந்தால் உப்பு கெடுக்கும். நல்ல மணலுக்கும் ஒரு குறை உண்டு, சீக்கிரம் காய்ந்துவிடும். வெயில் காலத்தில் ஒரு நாளில் பலமுறை லேசாக நனைக்க வேண்டியிருக்கும்.

இந்தப் பழக்கத்தை அப்படியே தேங்காய் நார்த்தூளுக்குக் கொண்டுபோவது அடுத்த தவறு, இதுதான் அதிகம் நடக்கிறது. நார்த்தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே காய்ந்து நிறம் வெளிறியிருக்கும். விரல் விட்டால் உள்ளே சொதசொதவென்று இருக்கும். மேற்பரப்பைப் பார்த்துத் தண்ணீர் விட்டால் குச்சி மூழ்கிப்போகும். ஒரு பிடி அள்ளி இறுகப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் அதிகம். கழுவாத நார்த்தூளில் உப்பும் இருக்கும். கட்டியை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னும் ஓரிரு முறை நல்ல தண்ணீரில் அலசிய பிறகே பயன்படுத்துங்கள். பெர்லைட் (எரிமலைப் பாறையைச் சூட்டில் பொரித்த லேசான வெள்ளைத் துகள்) கிடைத்தால் பாதிக்குப் பாதி கலக்கலாம், கிடைக்காவிட்டால் பருமணல் போதும். பெர்லைட்டை முதலில் நனைத்துவிடுங்கள், அதன் தூசி மூச்சுக்குள் போகக்கூடாது.

பாத்திரத்தின் ஆழமும் முக்கியம். எந்தக் கலவையானாலும் வடிந்து முடிந்த பிறகு அடியில் ஒரு பட்டைத் தண்ணீர் தங்கியே தீரும். ஆழமில்லாத தட்டில் குச்சியின் அடிமுனை சரியாக அந்தப் பட்டைக்குள் போய் நிற்கும். வடிகாலுக்கென்று அடியில் ஜல்லி போடுவதால் பயனில்லை. தேங்கும் பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி, குச்சிக்கு இன்னும் கிட்டே வந்துவிடும். கொஞ்சம் ஆழமான பையும், அடியில் நல்ல ஓட்டைகளும் இருந்தால் போதும்.

வெறும் தண்ணீரில் போட்டால் புதினாவும் மணி பிளாண்டும் எளிதாக வேர் விடும். மல்லிக்கும் ரோஜாவுக்கும் அதை நம்ப வேண்டாம். தண்ணீரில் வந்த வேர் மென்மையானது, எளிதில் முறியும். நீளமாகட்டும் என்று காத்திராமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆனதும் கலவைக்கு மாற்றிவிடுங்கள்.

வேர் ஊக்கி விஷயத்தில், கூடப் போட்டால் கூட வேர் வரும் என்ற நம்பிக்கை கெடுதல் செய்கிறது. மல்லிக்கு ஐபிஏ என்ற வேர் ஊக்கி 1000 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 1 கிராம், சில விநாடிகள் தோய்த்தால் போதும். அளவு மீறினால் அடித்தண்டு கருகும். ஐபிஏ தண்ணீரில் நேராகக் கரையாது, முதலில் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைக்க வேண்டும். பொடியாக வாங்கினால் வேண்டிய அளவு தனியே கொட்டி அதில் தோயுங்கள். டப்பாவுக்குள்ளேயே குச்சியை விட்டால் மிச்சப் பொடி கெட்டுப்போகும். இளநீரில் ஊறவைப்பது பலருக்கும் வழக்கம். ஆனால் இளநீரில் இருக்கும் சைட்டோகைனின் என்ற ஊக்கி துளிரைத் தூண்டும் வகை, வேரைத் தூண்டும் ஆக்சின் (ஐபிஏ அந்த வகை) வேறு.

துளிரைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ரோஜாக் குச்சி சேமித்த உணவைக்கொண்டே நான்கு இலை விட்டுவிடும். வேர் வந்துவிட்டது என்று வெயிலில் தூக்கி வைத்த மறுநாளே வாடிவிடும். சந்தேகம் வந்து பிடுங்கிப் பார்ப்பதோ, அப்போதுதான் கிளம்பிய வேரை அறுத்துவிடும். மெல்ல இழுத்தால் குச்சி பிடி கொடுக்க வேண்டும், அல்லது பையின் அடி ஓட்டையில் வெள்ளை வேர் தெரிய வேண்டும். அதுவரை விட்டுவிடுங்கள்.

எல்லாச் செடிக்கும் ஒரே முறை பொருந்தாது. கள்ளி வகையையும் டிராகன் பழக்கொடியையும் வெட்டிய உடனே ஈரத்தில் ஊன்றக்கூடாது, வெட்டுவாய் காய நிழலில் சில நாள் போட்டுவைக்க வேண்டும். மல்லியை அப்படிக் காயவிட்டால் செத்துப்போகும். அதற்கு முற்றியும் முற்றாத தண்டில் ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு, கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான கத்தியால் வெட்டு. அடி இலைகளையும் மொட்டுகளையும் கிள்ளிவிடுங்கள். தாய்ச்செடியைப் பூக்கும் நேரத்திலேயே பார்த்து வையுங்கள். பூ வெள்ளையாகாமல் பச்சையாக, இலைபோல மாறுகிற நோய் குச்சி வழியாகவே புதுச் செடிக்கு வந்துவிடும்.

ஈரக்காற்றுக்காக பாலித்தீன் பை மூடினால் நேர் வெயில் படக்கூடாது, உள்ளே வெந்துவிடும். நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். வேர் பிடித்ததும் மூடியை ஒரேயடியாக எடுக்காதீர்கள். முதலில் ஒரு ஓரத்தைத் திறந்து, சில நாள் கழித்து முழுதாக எடுத்து, அப்புறம் காலை வெயில், அதற்குப் பிறகே நாள் முழுக்க வெயில். நடும்போது வேரைச் சுற்றிய நார்த்தூளை உதறாமல் கட்டியாகவே வையுங்கள்.