மல்யுத்தப் பயிற்சிக்கு முழங்கை உறை: எதைப் பார்த்து வாங்குவது?

"மாஸ்டர், எல்போ சப்போர்ட் எது நல்லது?" என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் யாராவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: "எங்கே வலிக்குது? ஒரு விரலால தொட்டுக் காட்டு." முழங்கையை மொத்தமாகப் பிடித்துக்கொண்டு "இங்கதான் மாஸ்டர்" என்றால் விடமாட்டேன். ஒரே ஒரு விரல். அது எங்கே போய் நிற்கிறதோ அதைப் பொறுத்துத்தான் வாங்க வேண்டிய பொருளே மாறும். மெடிக்கல் ஷாப்பிலும் விளையாட்டுக் கடையிலும் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் உரசலைத் தாங்குகிற உறை வேறு, தசைநாரைப் பிடித்து வைக்கிற பட்டை வேறு, மூட்டை மடங்கவிடாமல் நிறுத்துகிற பிரேஸ் வேறு.

விரல் முழங்கையின் பின்பக்க முனையில் நின்றால், பெரும்பாலும் அது மேட்டில், அதாவது மல்யுத்த விரிப்பில், இடித்தும் உரசியும் வந்த வலி. அந்த எலும்புக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய திரவப் பை ஒன்று இருக்கிறது. கீழே கிடப்பவன் முழங்கையை ஊன்றித்தான் எழுந்தாக வேண்டும். அதே இடம் தினமும் அடி வாங்கினால் பை வீங்கித் தொங்க ஆரம்பிக்கும். இதற்கு இறுக்கம் உதவாது, மெத்தை வேண்டும். பேட் வைத்த உறை வாங்குங்கள். வாங்கும்போது கையை மடக்கியும் நீட்டியும் பாருங்கள். இரண்டு நிலையிலும் பேட் முனையை விட்டு விலகக் கூடாது. பல உறைகளில் கை நீட்டியிருக்கும்போது பேட் சரியாக இருக்கும், மடக்கினால் மேலே ஏறிவிடும். மடங்கிய கையைத்தானே நாம் மேட்டில் ஊன்றுகிறோம்? கூடைப்பந்து ஆடுபவர்கள் போடும், அறுகோணத் துண்டுகளாக நுரை ஒட்டிய மெல்லிய உறை இதற்கு எனக்குப் பிடித்தது. கனமில்லை, மடிப்பில் திரளுவதில்லை. வீக்கம் சிவந்து சூடாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உறைப் பேச்சே வேண்டாம். உள்ளே சீழ் வைத்திருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

வெளிப்பக்க எலும்பு முடிச்சில் விரல் நின்றால், அது பிடியால் வருகிற வலி. எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பதும், கழுத்தைப் பின்னால் கோத்து அழுத்துவதும்தான் நம் வேலையில் பாதி. விரல்களையும் மணிக்கட்டையும் மேலே தூக்குகிற தசைகளில் பெரும்பாலானவை அந்த முடிச்சில்தான் வந்து சேர்கின்றன. டென்னிஸ் எல்போ என்பது இதைத்தான். இதற்கென ஒரு குறுகலான பட்டை கிடைக்கும். பலர் அதை வலிக்கிற முடிச்சின் மேலேயே கட்டிவிடுகிறார்கள். கட்ட வேண்டியது முடிச்சிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, முன்கைத் தசை திரண்டிருக்கும் இடத்தில். முஷ்டியை மடக்கினால் அந்தத் திரட்சி கையில் தட்டுப்படும். ஆனால் அந்தப் பட்டையில் பிளாஸ்டிக் வளையமும் வெல்க்ரோவும் இருக்கும். எடை தூக்கும்போதும் தனியாகச் செய்யும் பயிற்சியிலும் போட்டுக்கொள்ளலாம், ஜோடி சேர்ந்து மோதும்போது கழற்றிவிட வேண்டும். வெல்க்ரோவின் முள் பக்கம் கூட்டாளியின் கழுத்தில் ஒரு இழுப்பு இழுத்தால் தோல் வழன்றுவிடும்.

உட்பக்க வலியை லேசாக எடுத்துக்கொள்ள நான் யாரையும் விடுவதில்லை. முன்கை வெளிப்பக்கமாக வளைந்து மூட்டு பிளந்துவிடாமல் காக்கும் தசைநார் அங்கேதான் இருக்கிறது. அதற்கு ஒட்டினாற்போல, எலும்புப் பள்ளத்தில், சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் விரல்வரை ஷாக் அடிக்குமே, அந்த நரம்புதான். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகிறது என்றால், இறுக்கமான உறை அந்த நரம்பை இன்னும் அமுக்கும். முதலில் பிசியோவிடமோ (பிசியோதெரபிஸ்ட்) எலும்பு மருத்துவரிடமோ காட்டுங்கள்.

நான்காவது வகைக்கு ஒரு விரல் போதாது. "நீட்டினா வலிக்குது" என்பார்கள். விழும்போது கையை நேராக நீட்டி ஊன்றியிருப்பார்கள், முழங்கை பின்பக்கமாக வளைந்திருக்கும். மல்யுத்தத்தில் முழங்கை விலகுவதும் பெரும்பாலும் இப்படி ஊன்றித்தான். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: துணி உறையோ நியோப்ரீன் என்ற ரப்பர் உறையோ இந்த வளைவைத் தடுக்காது. சூடு தரும், லேசான அழுத்தம் தரும், மூட்டு எங்கே இருக்கிறது என்ற கவனத்தைக் கூட்டும். உடம்பு எடையோடு எதிராளியின் எடையும் சேர்ந்து இறங்கும்போது ஒரு ரப்பர் துணி என்ன செய்துவிடும்? அதை நம்பிக் கையை ஊன்றும் பழக்கம் வந்தால் அதுதான் ஆபத்து. கீல் வைத்த பிரேஸ் தடுக்கும். ஆனால் அது உலோகம், குணமாகும் காலத்தில் தனியாகப் பயிற்சி செய்ய மட்டும். அதைப் போட்டுக்கொண்டு இன்னொருவரோடு கோதாவில் இறங்கவே கூடாது.

டாக்டரோ பிசியோவோ பயிற்சிக்குத் திரும்பலாம் என்று சொன்ன பிறகு இந்த வகைக்கு நான் நம்புவது டேப். இழுபடாத, பருத்தி விளையாட்டு டேப், 38 மி.மீ. அகலம். முழங்கையை 20, 30 டிகிரி மடக்கி, முஷ்டியை இறுக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேல்கையின் நடுவில் ஒரு சுற்று, முன்கையின் நடுவில் ஒரு சுற்று. இந்த இரண்டையும் இணைத்து, முழங்கையின் முன்மடிப்பில் பெருக்கல் குறி போலக் குறுக்காக நான்கைந்து பட்டைகள், கடைசியில் முனைகளை மூடி மறுபடி ஒரு சுற்று. சரியாக ஒட்டியிருந்தால் கை முழுக்க நீளுவதற்குச் சற்று முன்பே டேப் இறுகி நிற்கும். முதல் தடவை பிசியோ ஒருவர் கட்டுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது.

சரி, உறைதான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. இனி அளவு. சட்டை அளவை வைத்து 'எம் சைஸ் குடுங்க' என்று கேட்காதீர்கள். தையல் டேப்பை எடுத்து, கையைக் கொஞ்சம் மடக்கி, முழங்கையின் நடுவில் சுற்றி அளங்கள். சில கம்பெனிகள் முழங்கைக்கு மேலேயோ கீழேயோ அளக்கச் சொல்லும், அட்டையில் படம் போட்டிருப்பார்கள், அதன்படி செய்யுங்கள். அளவு இரண்டு சைஸுக்கு நடுவில் விழுந்தால், பின்னல் துணியில் சின்னதை எடுப்பேன், ஏனென்றால் அது விரிந்து கொடுக்கும். நியோப்ரீனில் பெரியதை எடுப்பேன். இன்னொன்று, பயிற்சி முடிந்ததும் கை ரத்தம் பாய்ந்து பருத்திருக்கும். முடிந்தால் அந்த நேரத்தில் போய்ப் போட்டுப் பாருங்கள். நீளம் மேல்கையின் பாதியிலிருந்து முன்கையின் பாதி வரை வேண்டும். குட்டை உறை மடிப்பில் கயிறாகத் திரண்டு தோலை அறுக்கும்.

நியோப்ரீன் 3, 5, 7 மி.மீ. கனத்தில் கிடைக்கிறது. 7 மி.மீ. எடை தூக்குபவர்களுக்கானது. அதைப் போட்டுக்கொண்டு முழங்கையை முழுதாக மடக்கவே முடியாது, எதிராளியின் அக்குளில் கையை நுழைப்பதாவது! மேட்டுக்கு 3 மி.மீ. தாண்ட வேண்டாம். நம் ஊர் சித்திரை, வைகாசி வெக்கையில் அதுவும் கஷ்டம்தான், வியர்வை வெளியேறாமல் உள்ளேயே ஊறும். சிலருக்கு நியோப்ரீன் தயாரிப்பில் சேரும் ரசாயனத்தாலேயே தோல் தடித்து அரிக்கும். நைலானும் ஸ்பான்டெக்ஸும் கலந்த பின்னல் உறைதான் பெரும்பாலோருக்கு நான் சொல்வது. மண்ணில் பயிற்சி செய்பவர்களுக்கு எந்த உறையும் வேண்டாம் என்பேன். மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் பக்கத்துக் கோதாக்களில் செம்மண்ணோடு மோர், எண்ணெய், மஞ்சள் எல்லாம் கலந்து பதமாக வைத்திருப்பார்கள். அந்த மண்ணே மெத்தை. உறைக்குள் மண் புகுந்தால் உப்புத்தாள் மாதிரி தோலைத் தேய்த்துவிடும்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது கூச்சப்படாதீர்கள். விரல்கள் தோளைத் தொடும்வரை மடக்குங்கள், முழுதாக நீட்டுங்கள், உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புங்கள். தரையில் முழங்கையை ஊன்றிப் பாருங்கள். பிறகு கூட வந்தவரிடம் உங்கள் முன்கையை இரண்டு கையாலும் பிடித்து மணிக்கட்டுப் பக்கம் இழுக்கச் சொல்லுங்கள். உறை சரசரவென்று கீழே இறங்கினால் அது நமக்கு ஆகாது. நடைப்பயிற்சிக்காரருக்கு அது நல்ல உறையாகவே இருக்கலாம், நம் கையை இழுக்க ஒருவன் இருக்கிறானே. பத்து நிமிடம் போட்டபடியே இருந்து, நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். விரல் குளிர்ந்தாலோ மரத்தாலோ அந்த அளவு வேண்டாம். எங்களிடம் ஒரு பெண் பிள்ளை வார்ம்-அப் முடிவதற்குள் "மாஸ்டர், விரல் மதமதன்னு இருக்கு" என்று வந்து நின்றாள். உறையை உருவினால் மேல்விளிம்பு இருந்த இடத்தில் தோலில் வளையம் பதிந்திருந்தது. அடுத்த சைஸ் மாற்றியதும் அந்தத் தொந்தரவே இல்லை.

பெற்றோருக்குத் தனியாக ஒன்று. பதினாறு பதினேழு வயது வரை முழங்கை எலும்பின் வளரும் பகுதி முழுதாக ஒட்டியிருக்காது. பெரியவர்களுக்குத் தசைநார் கிழிகிற அதே இழுப்பில் பிள்ளைகளுக்கு எலும்பின் ஓரம் பெயர்ந்து வரலாம். ஒரு வாரம் ஓய்வு கொடுத்தும் வலி போகாத பிள்ளைக்கு உறை வாங்கித் தராதீர்கள், எக்ஸ்ரே எடுங்கள். கை முழுதாக நீளவில்லை, நடுவில் பூட்டிக்கொள்கிறது, 'டப்' என்று சத்தம் கேட்டு உடனே வீங்கியது என்றால் வயது பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விலகியதுபோல் தெரிந்தால் யாரையும் பிடித்து இழுத்துவிட அனுமதிக்காதீர்கள், எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் சரி. முழங்கைக்கு முன்னால்தான் கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. கை எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே அசையாமல் கட்டிக் கூட்டிப்போக வேண்டும்.

உறையைத் தினமும் துவைக்க வேண்டும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. ஒருவர் தோலோடு ஒருவர் தோல் உரசும் விளையாட்டு இது. படர்தாமரை ஒருவருக்கு வந்தால் மேட் முழுக்கப் பரவும், ஈர உறை அதற்கு நல்ல இடம். இரண்டு உறை வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டு அலசி, நிழலில் காயவிடுங்கள். பிழிந்து முறுக்கினால் எலாஸ்டிக் போய்விடும். அண்ணன் உறையைத் தம்பி போடுவது, நண்பனிடம் கடன் வாங்குவது எல்லாம் வேண்டாம்.

போட்டிக்குப் போகிறவர்கள் விதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். சர்வதேச விதிப்படி கையிலோ மணிக்கட்டிலோ கட்டு போட, காயம் இருக்க வேண்டும் அல்லது மருத்துவர் சொல்லியிருக்க வேண்டும். எதிராளியைக் காயப்படுத்தக்கூடிய எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. அதனால் டாக்டர் சீட்டை மறக்காமல் எடுத்துப்போய், எடை பார்க்கும் அன்றே போட்டி மருத்துவரிடம் உறையைக் காட்டி அனுமதி கேட்டுவிடுங்கள். நடுவர் மேட் ஓரத்தில் கழற்றச் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். காயம் ஆறியவர்கள் போட்டிக்குச் சில வாரம் முன்பிருந்தே பயிற்சியில் ஒரு பகுதியை உறை இல்லாமல் செய்து பழக வேண்டும்: முதலில் பிடிப் பயிற்சி, அப்புறம் டேக்டவுன் (எதிராளியைத் தரையில் வீழ்த்துவது), கடைசியில் மூன்று நிமிட முழுச் சுற்று.