ஊருக்குள் புதுச் சாலை வரப்போகிறதா? எதிர்ப்பைத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

"நம்ம பக்கமா பைபாஸ் வருதாம்" என்று டீக்கடையில் பேச்சு கிளம்பும் நாளுக்கும், வீட்டுச் சுவரில் பெயிண்டால் நம்பர் எழுதிவிட்டுப் போகும் நாளுக்கும் நடுவே வழக்கமாகச் சில மாதங்களாவது கிடைக்கும். பெரும்பாலான தெருக்களில் அந்த மாதங்கள் "எலெக்ஷன் வரட்டும், எம்.எல்.ஏ. பார்த்துக்குவார்" என்ற பேச்சிலேயே போய்விடுகின்றன. அப்போது செய்ய வேண்டிய காகித வேலையைத்தான் இங்கே சொல்கிறேன். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதுகிறேன்.

முதலில், யார் போடும் சாலை?

இது தெரியாமல் எழுதும் மனு மேசை மேசையாகச் சுற்றும், நாளும் போகும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம். மாநில நெடுஞ்சாலைத் துறை என்றால் 2001-ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம். அதில் 15-ஆவது பிரிவின்படி நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது என்று கேட்டு முதலில் நோட்டீஸ் வர வேண்டும், எத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது அந்த நோட்டீஸிலேயே இருக்கும். நகரத் திட்டத்தில் பல வருடங்களுக்கு முன்னால் கோடு போட்டு வைத்த திட்டச் சாலை என்றால் 1971-ஆம் ஆண்டு நகர், ஊரமைப்புச் சட்டம். இந்தக் கடைசி வகையில் மாட்டியவர்கள் 38-ஆவது பிரிவை ஒரு வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள். விரிவான வளர்ச்சித் திட்டத்தில் ஒதுக்கிய நிலத்தை, அறிவிப்பு வந்து 3 ஆண்டுக்குள் எடுக்க நடவடிக்கை இல்லையென்றால் அது விடுவிக்கப்பட்டதாகவே கருத வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு.

வதந்தி வந்த வாரமே ஆர்.டி.ஐ.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனு போடுங்கள், நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தகவல் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம். தேசிய நெடுஞ்சாலை என்றால் ஆட்சேபனை தெரிவிக்க உங்களுக்கு 21 நாள்தான். நோட்டீஸைப் பார்த்துவிட்டு ஆர்.டி.ஐ. போட்டால் பதில் வரும்போது உங்கள் கெடு முடிந்திருக்கும், கணக்கு அவ்வளவுதான்.

கட்டணம் 10 ரூபாய். "ஏன் எங்கள் தெரு?" என்று கேட்டால் "இது தகவல் அல்ல" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அதனால் ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள்: பரிசீலித்த எல்லா வழித்தடங்களின் வரைபடங்கள், சாத்தியக்கூறு அறிக்கை, போக்குவரத்துக் கணக்கெடுப்பு, பாதிக்கப்படும் சர்வே எண்களின் பட்டியல், வெட்ட வேண்டிய மரங்களின் கணக்கு. இதில் முதலாவதுதான் பொக்கிஷம். பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்ட வழித்தடங்களை வரைந்து பார்த்த பிறகுதான் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள், விட்டுவிட்ட கோட்டை ஏன் விட்டார்கள் என்று அவர்கள் எழுதி வைத்த காரணத்திலிருந்தே உங்கள் வாதம் கிடைக்கலாம். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அப்புறம், அரசின் இணையச் சேவையில் உங்கள் பட்டாவையும் புலப்படத்தையும் (சர்வே எண்ணின் எல்லை, அளவு காட்டும் வரைபடம்) இறக்கிக்கொள்ளுங்கள். வழித்தட வரைபடத்தைப் புலப்படங்களோடு ஒப்பிட்டு, எந்தெந்தச் சர்வே எண் எவ்வளவு போகிறது என்று ஒரு பெரிய தாளில் குறித்துத் தெருவில் ஒட்டுங்கள். வாட்ஸாப்பில் நூறு மெசேஜ் போடுவதைவிட இந்த ஒரு தாளுக்குத்தான் கூட்டம் சேரும்.

ஆள் சேர்ப்பதுதான் கஷ்டமான வேலை

தெருவே ஒன்றாக நிற்கும் என்று நம்பி இறங்காதீர்கள். முழு வீடும் போகிறவர் சாலையே வேண்டாம் என்பார். முன்பக்கம் ஐந்தடி மட்டும் போகிறவர், மெயின் ரோட்டு மேல் கடை கட்டலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். இன்னொருவருக்கு இழப்பீடு கூடினால் போதும். வாடகைக்கு இருப்பவர்களையும் பெட்டிக்கடை வைத்திருப்பவர்களையும் யாருமே கூப்பிட மாட்டார்கள், ஆனால் பிழைப்பு முதலில் போவது அவர்களுக்குத்தான். இவர்கள் எல்லோரையும் முதல் கூட்டத்திலேயே உட்கார வைத்து, "குறைந்தபட்சம் எதில் ஒத்துப்போகிறோம்?" என்று வெளிப்படையாகக் கேட்பது நல்லது. "முழு வரைபடத்தைக் காட்டு, மாற்று வழியைப் பரிசீலி" என்ற இரண்டில் அநேகமாக எல்லோரும் சேருவார்கள். அதோடு தொடங்குங்கள். இழப்பீடு கேட்பவரைத் துரோகி என்று திட்ட ஆரம்பித்த அன்றைக்கே எதிர்த்தரப்புக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

கணக்கு எழுத ஒருவர், கோப்பு வைத்திருக்க ஒருவர், அதிகாரிகளிடம் பேச இரண்டு பேர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பேசப் போகும் இருவரும் ஒரே கட்சிக்காரர்களாக இருக்க வேண்டாம். சங்கம் பதிவாகவில்லையே என்று தயங்க வேண்டியதில்லை, மனு கொடுக்கத் தனி ஆளே போதும்.

கிராமம் என்றால் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் போடும் தீர்மானம் திட்டத்தைத் தானாக நிறுத்திவிடாதுதான், ஆனால் பின்னால் கோர்ட்டில் காட்ட நல்ல ஆவணம். தீர்மானப் பதிவேட்டின் நகலை மறக்காமல் வாங்கிவிடுங்கள்.

அந்த 21 நாள்

தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ பிரிவில், நிலம் எடுக்கப்போகிறோம் என்ற முதல் அறிவிப்பு அரசிதழில் வரும், சுருக்கம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் வரும், அதில் ஒன்று தமிழ் நாளிதழாக இருக்கும். நாளிதழில் பார்த்த தேதியிலிருந்து எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். சட்டம் சொல்லும் 21 நாள் அரசிதழ் தேதியிலிருந்து.

ஆட்சேபனை எழுத்தில், காரணங்களோடு இருக்க வேண்டும். ஒரே வாசகத்தை ஜெராக்ஸ் எடுத்து எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன், ஏனென்றால் நூறு மனுவுக்கும் ஒரே பத்தியில் பதில் எழுதி நிராகரிக்க அதுவே வசதி. பொதுவான இரண்டு பத்திக்குப் பிறகு ஒவ்வொருவரும் தன் சர்வே எண், அதில் உள்ள கிணறு, வீடு, மரம், பள்ளிக்குப் போகும் பாதை, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொந்த விவரத்தை எழுதட்டும். தொகை குறைவு என்று இந்தக் கட்டத்தில் எழுதுவதில் பயனில்லை, அதற்குத் தனிக் கட்டம் பின்னால் உண்டு. நேரில் விசாரிக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள், அது 3சி பிரிவு தரும் உரிமை. நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியும், அதற்கு முன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் தேவைப்படலாம். அப்படியென்றால் 30 நாள் முன்னறிவிப்பு வரும், அறிக்கைச் சுருக்கம் தமிழில் கிடைக்கும், கூட்டத்தைப் படம்பிடிப்பார்கள். நீங்களும் எடுங்கள். பேசியதை எழுதியும் கொடுங்கள்.

எல்லைக் கல் நட வந்தால்

பிடுங்காதீர்கள். கோபம் புரிகிறது, ஆனால் ஒரு எஃப்.ஐ.ஆர். வந்துவிட்டால் அதன்பின் உங்கள் நேரமெல்லாம் ஜாமீனுக்கே போகும். தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள், வந்தவர் எந்த அலுவலகம், என்ன உத்தரவு என்று கேட்டு எழுதி வையுங்கள். ஆர்ப்பாட்டம் என்றால் போலீஸ் அனுமதியை எழுத்தில் கேளுங்கள், மறுத்தாலும் எழுத்தில் வாங்குங்கள்.

கோர்ட்

சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை வழக்கை ஒருமுறை படித்துவிடுங்கள். 277 கிலோமீட்டர் திட்டம். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், 3ஏ அறிவிப்புக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியிருக்க வேண்டியதில்லை என்று சொல்லி அறிவிப்புகளைச் செல்லும் என்றது. ஆனால் நிலம் அரசிடம் சேரும் முன்பே வருவாய்ப் பதிவேட்டில் பெயரை மாற்றியது தவறு என்பதை அதுவும் ஒப்புக்கொண்டது. அதனால் மாதம் ஒருமுறை பட்டாவை ஆன்லைனில் திறந்து உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

3ஏ வந்து ஓராண்டுக்குள், நிலத்தை எடுத்துக்கொள்வதாகச் சொல்லும் 3டி அறிவிப்பு வரவில்லையென்றால் அந்த 3ஏ காலாவதி (கோர்ட் தடை இருந்த நாட்களைக் கழித்துவிட வேண்டும்). புதிதாக மறுபடி போட முடியும், ஆகவே கோப்பைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்ப்பதென்றால் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு, தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள். வக்கீலைப் பார்க்கப் போகும்போது தேதி வரிசையில் அடுக்கிய கோப்போடு, முதல் பக்கத்தில் ஒரு தேதிப் பட்டியலும் வைத்து எடுத்துப்போங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.