உரசியது வலது டயர், கோளாறு இடப்பக்கம்

என் ஹோண்டா சிவிக் எஃப்டி2 டைப் ஆர் காருக்கு, உயரத்தை மாற்றக்கூடிய காயில்ஓவர் சஸ்பென்ஷன் போட்டு இறக்கினேன். பழைய ரிம் 7.5 அங்குல அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் வரை உள்ள தூரம்) 60 மி.மீ. புதியது 8 அங்குலம், ஆஃப்செட் 50. கணக்குப்படி வெளிவிளிம்பு 16 மி.மீ. மட்டுமே தள்ளி வரும். டயர் அதே 225/40. ஆனால் பின்னால் ஆள் ஏறினால், மலேசியாவின் கராக் நெடுஞ்சாலையின் இடப்பக்க வளைவுகளில் பின் வலது டயர் ஃபெண்டரில் (சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில்) உரசியது.

கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும் அளவைக் கூட்டினோம், ஃபெண்டர் விளிம்பை மடக்கினோம். சத்தம் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அண்ணன்தான் டேப் வைத்து அளந்தார். இரு பக்கமும் காயில்ஓவரின் உயரம் வைக்கும் மரை ஒரே அளவு. ஆனால் ரிம் நடுவிலிருந்து ஃபெண்டர் வரை இடப்பக்கம் 12 மி.மீ. அதிகம்! பொருத்தியவர்கள் பின் இடது கீழ் ஆர்மை (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கையை) மட்டும் கழற்றி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். கார் தரையில் நின்றதும் ஆர்மின் மூட்டிலுள்ள ரப்பர் புஷ் முறுகி, அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தது. இடப்பக்க இடைவெளியைப் பார்த்தே இரண்டையும் இறக்கியதால் வலது கூடுதலாகத் தாழ்ந்துவிட்டது.

நான்கு சக்கரமும் ரேம்ப் மேல் நிற்க, ஆர்ம் போல்ட்டைத் தளர்த்தினார். டொக்கென்று இடது இறங்கியது. அப்படியே, காரின் எடை சக்கரத்தில் இருக்கும்போதே, டார்க் ரெஞ்சால் (குறித்த விசையில் இறுக்கும் ஸ்பேனரால்) இறுக்கினார். அப்புறம் இரண்டையும் 10 மி.மீ. ஏற்றி அலைன்மென்ட்.

கெந்திங் மலை ஏற்றத்தில் நான்கு பேரோடு போயும் உரசவில்லை. மடக்கிய விளிம்பில் பெயிண்ட் வெடித்திருக்கிறது, அதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.